கடல் சாய்ந்த படம்

ஜனவரி 18

நகைக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. நாற்பத்தொன்பது வயதில் எழுத ஆரம்பிக்கிறேன். வீட்டில் பேச ஆளில்லாமல் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். ஆள் இருக்கிறார். ரிமோட்டைப் பற்றி மட்டும் பேசுவார்.

மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, தாணுமாலயன் பிள்ளை. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் சாம்பாரைக்கூட டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். போன வருஷம் பக்கவாதம் லேசாக வந்து போனதில் இடது கால் இழுத்துக்கொண்டது. வாக்கரைப் பிடித்து மெதுவாக நடப்பார். அவர் கழுத்தில் ஒரு பட்டன் ஃபோனைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு மணி அடிக்கும். நல்ல ஏற்பாடு என்று நினைத்துச் செய்தேன். இப்போது ஹாலில் இருந்து அடுக்களைக்கு டிரங்க் கால் வருகிறது. "ரிமோட்டக் காணல்ல." போய்ப் பார்த்தால் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்.

இவர், என் வீட்டுக்காரர், மஸ்கட்டில் இருந்து புது ஃபோன் அனுப்பியிருக்கிறார். நிலாவைக்கூடப் பக்கத்தில் இழுத்து எடுக்குமாம். நான் இதுவரை எடுத்தது வெயிலில் காயும் வடகத்தை. காலேஜ் சிநேகிதிகள் குரூப்பில் ஒருத்தி சுவிட்சர்லாந்து பனியைப் போடுகிறாள், லதாங்கி பாலித்தீவில் நின்று கையை விரிக்கிறாள். எனக்கு ஸ்கூட்டரில் போகிற தூரத்தில் சங்குத்துறைக் கடல் இருக்கிறது. போய் ஒரு வருஷம் ஆகிறது. தை மாதத்தில் அங்கே சூரியன் நேராகக் கடலிலேயே இறங்கும். கோடையில் போனால் கரைப்பக்கம் ஒதுங்கிவிடும். போவதென்றால் இப்போதுதான் போகவேண்டும்.

மாமாவைக் குளிப்பாட்டச் சுயம்பு என்று ஒருவர் காலையில் வருவார். நவம்பரில் சில நாட்கள் வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போகலாம் என்றிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு. எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மாமாவிடம் கேட்டேன். "போயிட்டு வா மக்களே," என்றார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல என்னை அவர் மக்களே என்று கூப்பிட ஆரம்பித்ததே நவம்பரில்தான்.

ஜனவரி 21

மாமா பாத்ரூமில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

ஜனவரி 22

கதவைத் திறந்ததுமே டிவி சத்தம் இல்லை. செருப்போடு உள்ளே ஓடினேன். அவர் அறையை ஒட்டிய பாத்ரூமில் தரையோடு கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். துண்டை எடுத்துப் போர்த்தி, அலமாரியில் இருந்து வேட்டி எடுத்துச் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன்.

இவர் வீடியோவில் வந்தார். முதல் கேள்வி, "கழுத்துல ஃபோன் இருக்கே, அப்பா ஒன்னக் கூப்பிடல்லியா?"

"கடற்கரையில டவர் இல்ல," என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது. காலைக்குள் டாக்டரிடம் ஒருமுறை, சுயம்புவிடம் ஒருமுறை சொல்லியாயிற்று. சுயம்பு மட்டும், "சங்குத்துறையிலயா? அங்க நல்லா கிடைக்குமே," என்றார். அவர் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போய்விட்டார்.

திருநெல்வேலியில் இருந்து கலாவதி மைனி வந்துவிட்டாள். இவருக்கு மூத்தவள். வந்ததும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி, பல்செட் டப்பா, போர்வை எல்லாம் எடுத்துவந்தேன். பாத்ரூமைக் கழுவினேன். மாமாவின் ஃபோனையும் துடைத்து வைத்தேன்.

ஜனவரி 23

ஆபரேஷன் முடிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லா அக்கா கஞ்சி கொண்டு வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பியது. "தெருலைட்டு போட்ட பெறகு நான் வந்தேன் கேட்டியா. அவருக்க ரூம் ஜன்னல் பக்கமா நின்னு, சாரே டீ போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், படுக்கப் போறேன்னு நல்ல தெளிவா சொன்னாரு. இல்லேன்னா நான் உள்ள வராம இருப்பேனா?"

தெருவிளக்கு போட்ட பிறகு! அப்படியென்றால் அதுவரை மாமா நன்றாகத்தான் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறார். நான் வருவதற்குச் சற்று முன்னால். எனக்கு ஸ்டெல்லா அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் மட்டும் வேறு மாதிரி சொல்கிறார். ரொம்ப நேரம் தரையில் கிடந்தால் தசை நசுங்கி அந்தக் கழிவு கிட்னிக்குப் போகுமாம். ரத்தத்தில் ஏதோ அளவு ஏறியிருக்கிறது. இறங்கவில்லை என்றால் டயாலிசிஸ். இந்த வயதில் தாங்குவாரா என்று கேட்டேன். "விழுந்த உடனே தூக்கியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதும்மா," என்றார். நான் ஸ்டெல்லா அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அப்படியா," என்றார்.

டாக்டர் என்றால் எல்லாம் தெரியுமா? ஸ்டெல்லா அக்கா தன் காதால் கேட்டது.

ஜனவரி 24

கட்டிலில் தொங்கும் மூத்திரப்பை இன்றும் அரைவாசிகூட நிறையவில்லை.

ஜனவரி 25

மைனி குளிக்கப் போயிருக்கிறாள். மாமா தூங்குகிறார். அவருக்குக் கால் வீங்கியிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் கடல் அவ்வளவு அழகாக இருந்தது. அதை என்ன செய்வது? செருப்பைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துவிட்டு மணலில் இறங்கினேன். கூட்டம் இல்லை. ஒரு குடும்பம் குழந்தைக்குக் காலை நனைத்துக்கொண்டிருந்தது. பஜ்ஜிக்காரர் அப்போதுதான் அடுப்பை மூட்டியிருந்தார். மேற்கே மேகம் கீற்றுக்கீற்றாகக் கிடந்தது. சூரியன் இறங்க இறங்க அதன் அடிப்பக்கம் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு நான் பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறம். தண்ணீரில் எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாதை மின்னியது. நான் நகர்ந்தால் அதுவும் என்கூடவே நகர்ந்தது. ஒரு வள்ளம் அந்தப் பாதையைக் குறுக்கே கடந்து போனது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன், தனியாக, பைத்தியம் மாதிரி. அத்தனை சந்தோஷம். அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

எடுத்துக்கொண்டே இருந்தேன். சூரியன் அடிப்பக்கம் சப்பையாகி, தண்ணீரைத் தொடப்போகிற நேரம். இதற்குத்தான் வந்தேன். கையில் ஃபோன் அதிர்ந்தது. திரையில் சூரியன் மறைந்து, மாமா என்று பெயர் வந்தது.

கட் பண்ணிவிட்டேன்.

டவர் இருந்தது. நாலு கோடும் முழுசாக இருந்தது. ரிமோட் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கக்கூட இல்லை. சனியன் என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். தள்ளிவிட்ட அதே விரலால் அவசரமாகப் படம் எடுத்தேன். பாதிச் சூரியன் மூழ்கியபோது திரும்பவும் வந்தது. திரும்பவும் தள்ளினேன். முழுசாக மறைந்த பிறகு வானம் சிவந்ததே, அது இன்னும் அழகு. அப்போதும் ஒருமுறை.

பிறகு மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். தின்றுகொண்டே படத்தைக் குரூப்பில் போட்டேன், ஸ்டேட்டஸிலும் வைத்தேன். உடனே இதயம் இதயமாக வந்து விழுந்தது. லதாங்கி எழுதினாள்: "கடல் கொஞ்சம் சாஞ்சிருக்கு பாரு, அதுதான்டி கலை." அது கலை இல்லை. கட் பண்ணிய கை.

மாமாவின் ஃபோனைத் துடைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதில் இருந்த அழைப்புகளைத்தான் அழித்தேன். பாத்ரூமைக் கழுவுவதற்கு முன்னாலேயே அதைச் செய்துவிட்டேன்.

ஆனால் ஸ்டெல்லா அக்கா சொன்னது இருக்கிறது. அவர் கூப்பிட்டது சூரியன் இறங்கும்போது. அவளிடம் நன்றாகப் பேசியது அதற்கும் பிறகு. ஆகவே என்னைக் கூப்பிட்டது ரிமோட்டுக்காகத்தான். கணக்கு சரியாகத்தான் வருகிறது. பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

ஜனவரி 27

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மைனியும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். தலையணை உறையை உதறியபடியே, "படம் நல்லா இருந்துது," என்றாள்.

"எந்தப் படம் மைனி?"

"கடலு. நீ ஸ்டேட்டஸ் வச்ச உடனே பாத்தேன். இதயம்கூட போட்டேன். பாக்கல்லியா?"

பார்த்தேன். முதலில் வந்த இதயம் அவளுடையதுதான். டவர் இல்லாத கடற்கரையில் இருந்து நான் படம் அனுப்பியிருக்கிறேன், திருநெல்வேலியில் இருந்து அவள் இதயம் அனுப்பியிருக்கிறாள். வந்த நாளில் இருந்தே தெரிந்திருக்கிறது. எனக்குக் காது மடல் இரண்டும் எரிந்தது.

"மைனி..."

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் பகவதி," என்றாள். குரல் ஏறவில்லை. "நான் ஒன்னக் கேட்டா, அடுத்தாப்ல நீ என்னக் கேப்பே. அப்பாவ ஒரு மாசம் கொண்டு வச்சுக்கிட்டியான்னு."

மடித்த துணியை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அழுதாவது தீர்த்திருப்பேன்.

ஜனவரி 28

அளவு இறங்கிவிட்டது. டயாலிசிஸ் வேண்டாமாம். ஒன்றரை இட்லி சாப்பிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற பிள்ளையாரிடம் போய் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 29

மாமா தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். இவர் வீடியோவில் வந்தார். அப்பாவைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க அதட்டினார்.

"ஏன்ப்பா, விழுந்ததும் ஃபோன் அடிக்கண்டாமா? அதுக்குத்தான கழுத்துல கட்டி வச்சிருக்கு?"

நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

"குளிமுறியில போவும்பம் கழட்டி ஆணியில மாட்டிட்டேன்," என்றார் மாமா. "நான் யாரையும் கூப்பிடல்ல. அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாத."

துண்டைப் போர்த்தும்போது அந்த ஃபோன் அவர் கழுத்தில்தான் இருந்தது. ஈரமாக இருந்தது. என் கையால் நான்தான் கழற்றினேன்.

மைனி என்னைப் பார்க்கவில்லை. நான் சாத்துக்குடியைப் பார்த்தேன். ஆயுள் முழுக்க அடுத்தவர் பொய்யைப் பிடித்தவர், எனக்காக ஒன்று சொன்னார். நன்றாகச் சொல்லக்கூட வரவில்லை.

ஜனவரி 31

மைனி இரண்டு நாளைக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். சுயம்பு சாப்பிடப் போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"அந்தப் படத்தக் காட்டு," என்றார்.

"எந்தப் படம் மாமா?"

"கடலு. கலா சொன்னா, நீ நல்லா எடுத்திருக்கேன்னு."

கொடுத்தேன். ஃபோனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். ஒரு காலத்தில் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து இப்படித்தான் பார்த்திருப்பார்.

"நல்லா இருக்கு. கடலு என்னத்துக்கு சாஞ்சிருக்கு?"

"கை ஆடிட்டு மாமா."

"எப்பம் ஆடிச்சு?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "நீங்க கூப்பிட்டப்பம்," என்றேன்.

"ம்," என்றார். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "மணி அடிச்சுது. டவர் இல்லேன்னா அந்தப் பொம்பள பேசுவா, தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்காருன்னு. அவ பேசல்ல."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல நல்ல கோவம் வந்துது. வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். கெட்ட வார்த்தைகூட. நீ கேக்கல்ல, அதுனால பரவால்ல."

"ஸ்டெல்லா அக்கா வந்து கேட்டப்பம் நீங்க நல்லாத்தான இருந்தீங்க? படுக்கப் போறேன்னு சொன்னீங்களே?" என்றேன். இன்னும் அந்தக் கணக்கை விடவில்லை நான். கடைசிக் கயிறு அது.

"தரையில கெடந்துதான் சொன்னேன்."

"ஏன் மாமா? அவங்க கையில சாவி இருந்துதே. உள்ள வந்து தூக்கியிருப்பாங்களே."

சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேட்டியிலயே போயிட்டு. நீ ஒரு நாளு வெளிய போயிருக்கே, சந்தோஷமா வந்து இதையா அள்ளணும்னு நானே கழுவப் போனேன். விழும்பம் ஒடம்புல துணியில்ல. அந்தக் கோலத்துல ஸ்டெல்லா வந்து பாக்கதுக்கா?" கையால் போர்வையை இழுத்துக்கொண்டார். "எம் மகளே பாத்தாலும் எனக்குத் தாங்காது. உங்கிட்ட மட்டும்தான் அந்த வெக்கம் இல்ல. நீ வரட்டும்னு கெடந்தேன்."

நவம்பரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று எழுதினேன். எழுத முடியவில்லை என்பதுதான் நிஜம். சுயம்பு வராத இரண்டாம் நாள், மாமா படுக்கையிலேயே எல்லாம் போய்விட்டார். அதுவரை தோளில் துண்டில்லாமல் என் முன்னால் வந்தவர் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நான் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்தது இல்லை. அன்றைக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டிருந்தார். இடையில் சோப்பு நழுவி விழுந்து, இரண்டு பேரும் கண்ணைத் திறந்து தேடவேண்டியதாகிவிட்டது. அவர்தான் முதலில் சிரித்தார். மறுநாள் காப்பி கொடுக்கும்போது மக்களே என்றார்.

இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் அவருக்கு வெட்கம் இல்லை. அந்த ஒருத்தியைக் கூப்பிட்டார். அவள் சனியன் என்று சொல்லிவிட்டு பஜ்ஜி தின்றாள்.

"மன்னிச்சிருங்க மாமா," என்றேன்.

"சரி, சரி. தண்ணி குடு," என்றார்.

பிப்ரவரி 5

வீட்டுக்கு வந்துவிட்டோம். சுயம்பு இப்போது இரண்டு நேரமும் வருகிறார். மாமாவை நாற்காலியில் உட்காரவைக்கலாம், நடக்க நாளாகும். இன்று ஸ்டெல்லா அக்கா மீன் குழம்பு கொடுத்துவிட்டாள், அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் சாப்பிட்டேன். சைவம் என்று வெளியில் பெயர்.

படத்தை அழித்துவிட்டேன். ஆனால் லதாங்கி அதைக் குரூப்பின் முகப்புப் படமாக வைத்துவிட்டாள். யார் காலை வணக்கம் போட்டாலும் மேலே அந்தச் சாய்ந்த கடல் நிற்கிறது. எடுத்துவிடு என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மாமாவின் பொய்யும் வெளியே வரும் என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். வசதியான காரணம்.

பிப்ரவரி 7

வீட்டுக்கு வந்ததில் இருந்து மாமா ஒருமுறைகூட ஃபோன் அடிக்கவில்லை. இன்றுதான் கவனித்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் நான் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து கேட்கிறார். போர்வை விலகிக் குளிர்ந்தாலும் அப்படியே கிடக்கிறார். ஃபோன் ரிப்பேரோ என்று என் நம்பரில் இருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக அடித்தது. எடுத்து, "என்ன மக்களே?" என்றார், மூன்றடி தூரத்தில் இருந்து. ஒன்றுமில்லை மாமா என்றேன்.

"எதுனாலும் கூப்பிடுங்க மாமா. சும்மானாலும் கூப்பிடுங்க."

"கூப்பிடாம பின்ன?" என்றார்.

பிப்ரவரி 9

மத்தியானம் அவர் கண் அயர்ந்திருந்தபோது ரிமோட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன்.

சாயங்காலம் சுயம்பு அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார். செய்தி நேரம். நான் அடுக்களையில் ஃபோனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முருங்கைக்கீரையை ஆய்ந்தேன். ஆய்ந்து முடிந்தது. பாலைக் காய்ச்சினேன். ஃபோன் அப்படியே கிடந்தது. ஹாலில் அவர் நாற்காலி மெத்தையைத் தடவுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

எட்டிப் பார்த்தேன். அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டன் ஃபோன் கழுத்தில்தான் இருந்தது. வலது கை அதன்மேல் இருந்தது.

"ரிமோட் வேணுமா மாமா?"

"பரவால்ல மக்களே. நீ ஒனக்க வேலையப் பாரு."

திரும்பி வந்து டின்னைத் திறந்து, ரிமோட்டில் ஒட்டியிருந்த அரிசிமாவைப் புடவையில் துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.